தூங்காத லேப்டாப்புகள்: லினக்ஸ் பயனர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் என்று ஊர்தோறும் கூடி லினக்ஸ் பேசுகிற, அடுத்தவர் கணினியில் அதை நிறுவிக் கொடுக்கிற, பிறகு அதில் ஏதாவது மக்கர் செய்தால் இரவு பத்து மணிக்கும் போனை எடுத்துப் பதில் சொல்கிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல்.

நம் குழுக்களில் ஒரு கேள்வி ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. “ராத்திரி 80 சதவீதம் இருக்கும்போது மூடி வைத்தேன், காலையில் திறந்தால் 40தான் இருக்கு. லினக்ஸ் போட்டதாலா?” கேட்டு வாய் மூடுவதற்குள் யாராவது பதில் போட்டுவிடுவார்கள்: கிரப் கோப்பைத் திற, மெம் ஸ்லீப் டிஃபால்ட்டுக்கு எதிரே டீப் என்று எழுது, ரீபூட் பண்ணு. கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். சிலருக்குச் சரியாகிவிடும். சிலருக்கு ஒன்றுமே மாறாது. சிலருக்கு மூடியைத் திறந்தால் திரை கறுப்பாகவே கிடக்கும்; பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியிருக்காது. இந்தக் கடைசி வகையினர் திரும்பி வந்து புகார் சொல்வதில்லை. பேசாமல் விண்டோஸுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இந்த ஒரு வரிப் பதிலை நாம் கைவிட வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அது தப்பான பதில் என்பதால் மட்டுமல்ல. அந்த வரி வேலை செய்தாலும்கூட, அந்த லேப்டாப்பில் என்ன கோளாறு என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. அதே மாடலை அடுத்த மாதம் வாங்குபவர் அதே கேள்வியோடு வந்து நிற்கிறார்.

கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிவிடலாம்.

இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் ஏசிபிஐ விதிமுறையை வெளியிட்டன. கணினியின் தூக்கத்தை எஸ்1, எஸ்2 என்று எண் போட்டுப் பிரித்தது அதுதான். நமக்கு நெடுநாள் பழக்கமானது எஸ்3. ராமில் இருப்பது அழியாமலிருக்க அதற்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம்; மற்ற எல்லாம் அணைந்துவிடும். இதில் கெர்னலுக்கு வேலை குறைவு. சாதனங்களை ஒழுங்காக நிறுத்திவிட்டுக் கட்டுப்பாட்டை ஃபர்ம்வேரிடம் ஒப்படைத்துவிடும். அதன் பிறகு சார்ஜ் கரைந்தால் பழி ஃபர்ம்வேர் மேல்தான்.

2012இல் விண்டோஸ் 8 வந்தது. கூடவே கனெக்டட் ஸ்டாண்ட்பை வந்தது. விண்டோஸ் 10இல் அதுவே மாடர்ன் ஸ்டாண்ட்பை ஆயிற்று. லேப்டாப்பும் போனைப் போலத் தொட்டவுடன் விழிக்க வேண்டும், தூங்கும்போதும் மெயில் வர வேண்டும் என்ற ஆசை. இந்த முறையில் கணினி எஸ்3 பக்கமே போவதில்லை. எஸ்0 என்ற விழிப்பு நிலையில் இருந்தபடியே உள்ளுக்குள் ஒவ்வொன்றாக அடக்கிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குகிறது. இன்டெல் அந்த ஆழத்துக்கு எஸ்0ஐஎக்ஸ் என்று பெயர் வைத்தது. லினக்ஸில் இதற்கு ஈடானது எஸ்2ஐடில். அதன் வித்து 2013இல் வந்த 3.9 கெர்னலிலேயே உண்டு. எந்தத் தூக்கம் வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கும் மெம்_ஸ்லீப் கோப்பு 2017இல் 4.10ஓடு வந்தது.

பழைய தூக்கத்துக்கும் புதிய தூக்கத்துக்கும் உள்ள வேறுபாடு, பொறுப்பு யாரிடம் என்பதில் இருக்கிறது. எஸ்3இல் ஃபர்ம்வேர் ஒரே வெட்டாக வெட்டிவிடும். எஸ்2ஐடிலில் அப்படி வெட்டுபவர் யாரும் இல்லை. எஸ்எஸ்டி, வைஃபை, யூஎஸ்பி, ஒலி, டச்பேட் என்று ஒவ்வொரு சாதனத்தின் டிரைவரும் தன் சாதனத்தைத் தானே அடக்க வேண்டும். எல்லாம் அடங்கிய பிறகுதான் சிப்புக்குள் இருக்கும் மின் மேலாண்மைப் பகுதி கடிகாரங்களை நிறுத்தி மின்பாதைகளை மூடும். கூட்டுக் குடும்பத்தில் எல்லாரும் படுத்த பிறகு ஒரே ஒரு பிள்ளை மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தால் கூடத்து விளக்கை அணைக்க முடியாதல்லவா, அதே கதை. வைஃபை அட்டையோ எஸ்டி கார்டு வாசிப்பானோ ஒன்று முரண்டு பிடித்தால் போதும், மொத்தச் சிப்பும் அரைத் தூக்கத்திலேயே இரவைக் கழிக்கும்.

அந்த அரைத் தூக்கத்தின் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரி 50 வாட்-மணி என்று வைத்துக்கொள்வோம். தூக்கத்தில் 0.3 வாட் போனால் எட்டு மணி நேரத்தில் 2.4 வாட்-மணி, ஐந்து சதவீதம்கூட முழுதாகத் தேறாது. 2.5 வாட் போனால் 20 வாட்-மணி, அதாவது 40 சதவீதம். மேலே ஒருவர் கேட்டாரே, 80இல் மூடினேன் 40 இருக்கு என்று, அவருடைய லேப்டாப் தூங்கவே இல்லை. பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனால் பை சுடும். பேட்டரிக்கும் அது நல்லதல்ல.

“எஸ்3யைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது” என்பது நம்மில் பலருடைய கட்சி. எனக்கும் எஸ்3மேல் பிரியம் உண்டு. அதற்காகப் போராடி வென்ற கதையும் ஒன்று இருக்கிறது. 2018இல் லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை எஸ்3 இல்லாமல் சந்தைக்கு வந்தது. லினக்ஸ்காரர்கள் ஃபர்ம்வேரிலிருந்து ஏசிபிஐ அட்டவணையை உருவியெடுத்து, அதில் எஸ்3க்கான குறிப்பைக் கையால் சேர்த்து, பூட் ஆகும்போது கெர்னலுக்கு அந்தத் திருத்திய அட்டவணையை ஊட்டினார்கள். சத்தம் பெரிதானது. அந்த ஆண்டே லெனோவோ பயாஸ் புதுப்பிப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் தூக்க நிலை என்ற தலைப்பில் இரண்டு தேர்வுகள்: ஒன்றின் பெயர் விண்டோஸ் 10, மற்றதன் பெயர் லினக்ஸ். தூக்கத்துக்கே இயங்குதளத்தின் பெயர் வைத்துவிட்டார்கள்!

ஆனால் அந்த வெற்றி நெடுநாள் தாங்கவில்லை. இன்டெல்லின் 11ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த பெரும்பாலான லேப்டாப்புகளில் எஸ்3 முறையாகச் சோதிக்கப்படுவதே இல்லை. ஏசிபிஐ அட்டவணையில் பேருக்கு எஸ்3 இருந்தாலும், விழிக்கும்போது எந்தச் சாதனத்தை எப்படி எழுப்புவது என்று ஃபர்ம்வேர் எழுதியவர் யோசித்தே இருக்க மாட்டார். கறுப்புத் திரை அங்கிருந்துதான் வருகிறது. டீப் என்று எழுதச் சொல்வது, விற்றவரே சோதிக்காத பாதையில் புதியவர் ஒருவரைத் தள்ளிவிடுவது. மெம்_ஸ்லீப் கோப்பில் டீப் என்ற சொல்லே இல்லாத லேப்டாப்பில் அந்த வரியை எழுதினால் ஒன்றும் நடக்காது. பதில் சொன்னவரும் கேட்டவரும் அதைக் கவனிப்பதில்லை.

ஆகவே எஸ்2ஐடிலோடு வாழப் பழகித்தான் ஆக வேண்டும். அது மோசமான ஏற்பாடும் அல்ல. எல்லா டிரைவரும் ஒழுங்காக நடந்துகொண்டால் எஸ்3க்கு அருகில் வந்துவிடுகிறது. அதைவிட முக்கியம், பொறுப்பு இப்போது கெர்னலிடம் வந்திருக்கிறது. ஃபர்ம்வேர் மூடிய பெட்டி, நம்மால் திறந்து பார்க்க முடியாது. கெர்னல் திறந்து கிடக்கிறது. கோளாறு இப்போது நாம் திருத்தக்கூடிய இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதை நாம் இன்னும் சரியாக உணரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

எஸ்எஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கப் போகும்போது என்விஎம்இ எஸ்எஸ்டியை என்ன செய்வது? முழுதாக அணைத்துவிடுவதுதானே நியாயம்? 2019 வரை லினக்ஸ் அதைத்தான் செய்துவந்தது. ஆனால் மாடர்ன் ஸ்டாண்ட்பைக்காகச் செய்த பல லேப்டாப்புகளில் அணைத்த எஸ்எஸ்டிதான் மொத்தச் சிப்பையும் தூங்கவிடாமல் மேலே பிடித்து வைத்திருந்தது. விண்டோஸ் அதை அணைப்பதில்லை. எஸ்எஸ்டிக்கென்று உள்ள மிகக் குறைந்த மின்நிலைக்கு அனுப்பிவிட்டு, அதை இணைக்கும் பிசிஐ பாதையைத் தானாகத் தூங்க விட்டுவிடும். எஸ்எஸ்டி செய்பவர்கள் சோதித்ததும் அந்த வழியைத்தான். கீத் புஷ் எழுதிய பேட்ச் ஒன்று 5.3 கெர்னலில் லினக்ஸையும் அந்த வழிக்குக் கொண்டுவந்தது.

பிரச்சினை தீர்ந்ததா? பாதையைத் தூங்கவைக்கும் ஏஎஸ்பிஎம் வசதி முடக்கப்பட்டிருக்கும் கணினிகளில் எஸ்எஸ்டி ஓய்ந்தாலும் பாதை விழித்தே இருந்தது. அவற்றில் செலவு முன்பைவிடக் கூடக்கூடும். உடனே, கெர்னலின் மின் மேலாண்மைப் பகுதியை நெடுங்காலமாகப் பராமரித்துவரும் ரஃபேல் வைசோக்கி இன்னொரு பேட்ச் எழுதினார்: ஏஎஸ்பிஎம் இல்லையென்றால் பழைய வழியிலேயே போகட்டும். அதற்குப் பிறகும் முடியவில்லை. எஸ்எஸ்டியை அணைத்தே தீர வேண்டும் என்று எதிர்பார்க்கும் லேப்டாப்புகளும் இருந்தன. அவற்றின் ஏசிபிஐ அட்டவணையில் ஸ்டோரேஜ் டி3 எனேபிள் என்று ஒரு குறிப்பு இருக்கும். அதைப் படிக்கக் கெர்னல் கற்றுக்கொண்டது. அந்தக் குறிப்பை எழுத வேண்டியவர்கள் எழுதாமல் விட்ட ஏஎம்டி லேப்டாப்புகளுக்காக, 2021இல் குறிப்பிட்ட சில சிபியுக்கள் என்றால் குறிப்பு இருப்பதாகவே வைத்துக்கொள் என்று இன்னொரு விதிவிலக்கும் சேர்ந்தது.

அணை, அணைக்காதே, சில இடத்தில் அணை, எழுதாவிட்டாலும் அணை. வெளியிலிருந்து பார்த்தால் தடுமாற்றம் போலத் தெரியும். எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவர், “என் லேப்டாப்பில் இந்தப் பதிப்பு வரை இவ்வளவு செலவாயிற்று, இந்தப் பதிப்பிலிருந்து இவ்வளவு ஆகிறது” என்று எண்ணோடு போய் நின்றிருக்கிறார். அந்த எண் இல்லாமல் எந்தப் பேட்ச்சும் பிறந்திருக்காது.

ஏஎம்டி லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல உதாரணம் இருக்கிறது. லேப்டாப்பைத் தூங்கவைத்துவிட்டு, பிறகு சார்ஜரைப் பிடுங்குகிறீர்கள். யாரும் விசைப்பலகையைத் தொடவில்லை. கணினி விழித்துக்கொள்கிறது. மூடி மூடியே இருக்கிறது, திரை தெரியவில்லை. நீங்கள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். என்ன நடந்தது? சார்ஜர் போன செய்தியைச் சொல்ல ஏசிபிஐயின் 9ஆம் இன்டரப்ட் அடிக்கிறது. அது நியாயமானது. கெர்னல் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். ஆனால் கூடவே விசைப்பலகையின் 1ஆம் இன்டரப்டும் காரணமில்லாமல் அடித்துவிடுகிறது. யாரோ விசையைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து கெர்னல் முழுதாக எழுந்துவிடுகிறது. ரெனுவார், செசான் வகைச் சிப்புகளின் ஃபர்ம்வேரில் இருந்த பிழை இது. ஏஎம்டியின் மாரியோ லிமன்செல்லோ 2023 தொடக்கத்தில் எழுதிய பேட்ச், அந்தச் சிப்புகளில் 1ஆம் இன்டரப்டுக்கு எழுப்பும் உரிமையைப் பறித்துவிட்டது.

இதே பிழை விண்டோஸிலும் நிகழ்கிறது. ஆனால் விண்டோஸ் எழுந்து பார்த்து, யாரும் இல்லை என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் மீண்டும் தூங்கிவிடும். பயனருக்குத் தெரியாது. “விண்டோஸில் நன்றாகத்தானே இருந்தது” என்று யாராவது சொல்லும்போது நான் இப்போதெல்லாம் மறுப்பதில்லை. அவர் சொல்வது சரி. அந்த லேப்டாப் விண்டோஸில் மட்டுமே சோதித்து விற்கப்பட்டது. ஃபர்ம்வேரின் ஓட்டைகளை விண்டோஸின் பழக்கவழக்கங்கள் மூடிவிடுகின்றன. லினக்ஸ் கெர்னல் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டது. “நீ லினக்ஸா?” என்று ஃபர்ம்வேர் கேட்டால் நம் கெர்னல் இல்லை என்கிறது, “நீ விண்டோஸா?” என்று கேட்டால் கூச்சமில்லாமல் ஆமாம் என்கிறது. 2011இல் 2.6.38 கெர்னலில் பல லேப்டாப்புகளின் மின்செலவு திடீரென எகிறியபோது, ஏஎஸ்பிஎம் விஷயத்தில் விண்டோஸ் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்ந்துதான் மேத்யூ காரெட் பேட்ச் எழுதினார். தனக்கு ஏஎஸ்பிஎம் தெரியாது என்று ஃபர்ம்வேர் சொன்னால் லினக்ஸ் அதை முழுதாக அணைத்துக்கொண்டிருந்தது. விண்டோஸோ ஃபர்ம்வேர் வைத்துவிட்டுப் போன நிலையைத் தொடாமல் விட்டுவிடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதல் வேலை அளப்பது. இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். சிஸ் கோப்பகத்தில் பவர் சப்ளை பகுதிக்குள் பேட்டரியின் பெயரில் இருக்கும் எனர்ஜி_நவ் கோப்பு, மிச்சமிருக்கும் ஆற்றலை மைக்ரோவாட்-மணியில் சொல்கிறது. சில லேப்டாப்புகளில் அதற்குப் பதில் சார்ஜ்_நவ் இருக்கும், மின்னழுத்தத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆர்டிசிவேக் கட்டளையால் ஒரு மணி நேரத்துக்குத் தூங்கவையுங்கள். தானாக விழித்ததும் மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக வேண்டாம். பேட்டரியின் அளவுமானி சின்ன மாற்றங்களைச் சரியாகக் காட்டாது.

அடுத்த எண்தான் எல்லாவற்றுக்கும் சாவி. 2023இல் வந்த 6.4 கெர்னலிலிருந்து சிஸ் கோப்பகத்தில் சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் பகுதிக்குள் லாஸ்ட்_எச்டபிள்யூ_ஸ்லீப் என்று ஒரு கோப்பு இருக்கிறது. கடைசித் தூக்கத்தில் வன்பொருள் உண்மையிலேயே எவ்வளவு நேரம் ஆழத்தில் இருந்தது என்பதை மைக்ரோவிநாடியில் சொல்லும். ஒரு மணி நேரம் தூங்கவைத்தால் 360 கோடிக்கு அருகில் வர வேண்டும். வந்தால், சிப் ஒழுங்காகத் தூங்கியிருக்கிறது. பிறகும் சார்ஜ் போகிறதென்றால் தேட வேண்டிய இடம் வேறு: மூடியபோதும் யூஎஸ்பி போர்ட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் பயாஸ் அமைப்பு, செருகியிருக்கும் டாங்கிள், இப்படி. சுழியம் வந்தால் ஏதோ ஒரு சாதனம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வந்தால் அடிக்கடி எதுவோ எழுப்புகிறது. எழுப்பிய இன்டரப்டின் எண் பிஎம்_வேக்கப்_ஐஆர்க்யூ கோப்பில் இருக்கும். பழைய டெபியன் 12 வைத்திருப்பவர்களிடம் இருப்பது 6.1 கெர்னல், அதில் இந்தக் கோப்பு கிடையாது. பேக்போர்ட்ஸிலிருந்து புதிய கெர்னலைப் போட்டுக்கொண்டு பாருங்கள். எப்படியும் பழைய கெர்னலை வைத்துக்கொண்டு புகார் எழுதினால், புதியதில் பார்த்தீர்களா என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

இந்தச் சோதனைகளைத் தானே செய்து சொல்லும் நிரல்களும் உண்டு. ஏஎம்டிக்கு, மேலே சொன்ன லிமன்செல்லோ எழுதிய எஸ்2ஐடில் பைத்தான் நிரல். இன்டெல்லுக்கு, அந்த நிறுவனமே தரும் எஸ்0ஐஎக்ஸ் செல்ஃப்டெஸ்ட் நிரல். பயாஸையும் பார்த்துவிடுங்கள். எஃப்டபிள்யூஅப்டி மூலம் புதிய ஃபர்ம்வேர் வந்திருந்தால் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் ஊகம். டீப் என்று எழுதச் சொல்வதைவிடக் கெர்னலும் பயாஸும் புதுப்பிக்கச் சொல்வது எவ்வளவோ மேல்.

சுழியம் வந்தவர்களுக்கு இனிமேல்தான் சுவையான பகுதி. டிரைவர்களை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுத் தூங்கவைத்துப் பாருங்கள். வைஃபை, ப்ளூடூத், ஒலி, கார்டு வாசிப்பான். எதை இறக்கியபோது எண் குதிக்கிறதோ அதுதான் குற்றவாளி. இன்டெல்லில் டீபக் கோப்பகத்தின் பிஎம்சி_கோர் பகுதியில் எல்டிஆர்_ஷோ என்ற பட்டியலும் உதவும். எவ்வளவு நேரம் தாமதமானால் தாங்குவேன் என்று ஒவ்வொரு சாதனமும் சிப்பிடம் சொல்லியிருக்கும் பட்டியல் அது. கொஞ்சமும் தாமதிக்காதே என்று அடம்பிடிக்கும் சாதனம் அதில் தனியாகத் தெரியும்.

முன்பு நன்றாக இருந்து இடையில் கெட்டுப்போயிருந்தால் கிட் பைசெக்ட் இருக்கிறது. ஒரு கெர்னல் பதிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள் வருகின்றன. பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் பதினான்கு படிகளுக்குள் ஒரே மாற்றத்தில் வந்து நிற்கலாம். வேறு கோளாறென்றால் ஒரே மாலையில் முடித்துவிடலாம். தூக்கக் கோளாறில் ஒவ்வொரு படிக்கும் கெர்னலைக் கம்பைல் செய்து, பூட் செய்து, ஒரு மணி நேரம் மூடி வைத்துக் காத்திருக்க வேண்டும். சலிப்பான வேலைதான். லோக்கல்மாட்கான்ஃபிக் கொண்டு தேவையான டிரைவர்களை மட்டும் கம்பைல் செய்தால் நேரம் பெருமளவு குறையும். லாஸ்ட்_எச்டபிள்யூ_ஸ்லீப் சுழியமா இல்லையா என்பது மட்டும் போதுமென்றால் ஒரு மணி நேரம்கூட வேண்டாம், இரண்டு நிமிடம் தூங்கினாலே தெரிந்துவிடும். செமஸ்டர் விடுமுறையில் இருக்கும் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு இதைவிட நல்ல கெர்னல் பாடம் நான் பார்த்ததில்லை.

கண்டுபிடித்ததை எழுதுவது எப்படி? “பேட்டரி சீக்கிரம் தீருது, சரி செய்யவும்” என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. எடுத்துக்காட்டுக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: மாடல் இது, பயாஸ் பதிப்பு இது, கெர்னல் இது. சார்ஜர் இல்லாமல் ஒரு மணி நேரத் தூக்கத்தில் 46.2 வாட்-மணி 43.9 ஆனது, வன்பொருள் தூங்கிய நேரம் சுழியம். வைஃபை டிரைவரை இறக்கிவிட்டால் 46.2லிருந்து 45.8, தூங்கிய நேரம் 3,590 விநாடி. கீழே டிமெசேஜ். இவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும், ஆனால் இதில் இலக்கணம் பார்க்க என்ன இருக்கிறது? எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதைக் கெர்னல் மூலத்திலுள்ள கெட்_மெயின்டெய்னர் நிரல் சொல்லிவிடும். மின்னஞ்சலை வெறும் எழுத்தாக அனுப்புங்கள், எச்டிஎம்எல் வேண்டாம்.

பதிலாகப் பெரும்பாலும் இன்னொரு கேள்வி வரும், அல்லது இதைப் போட்டுப் பாருங்கள் என்று ஐந்தாறு வரிப் பேட்ச் வரும். பேட்ச் கட்டளையால் ஒட்டி, கம்பைல் செய்து, மறுபடி அளந்து பதில் எழுத வேண்டும். பல பேட்ச்சுகள் ஒரு குறிப்பிட்ட மாடலின் பெயரைப் பட்டியலில் சேர்க்கும் ஒற்றை வரியாக இருக்கும். கெர்னல்காரர்கள் இவற்றை க்வெர்க் என்பார்கள். நம்மில் சிலர் இதை இளக்காரமாகப் பார்க்கிறார்கள், நிரல் எழுதுவது என்றால் ஏதோ பெரிதாக இருக்க வேண்டும் என்று. மற்றவர் வீட்டு ஃபர்ம்வேர் செய்த தவறுக்கு இங்கே ஒரு வரி எழுதி வைப்பது அழகான வேலை அல்லதான். ஆனால் அந்த வரி ஸ்டேபிள் கெர்னலுக்குப் போய், உபுண்டுவுக்கும் ஃபெடோராவுக்கும் இறங்கிய பிறகு, அந்த மாடலை வாங்கும் ஒருவரும் கிரப் கோப்பைத் திறக்க வேண்டியிருக்காது. பேட்ச்சின் கீழே ரிப்போர்ட்டட்-பை, டெஸ்டட்-பை என்று உங்கள் பெயரும் கெர்னல் வரலாற்றில் ஏறிவிடும். ஒரு வரி நிரல்கூட எழுதாமல்.

கெர்னல்காரர்களே இதையெல்லாம் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். அவர்களிடம் உங்கள் லேப்டாப் இல்லை. உலகில் விற்கும் எல்லா மாடலையும் வாங்கி மூடித் திறந்து பார்க்க யாராலும் முடியாது. நிறுவனத்தின் சம்பளத்தில் இதைச் செய்பவர்கள்கூட, தங்கள் நிறுவனத்தின் சிப் உள்ள, தங்கள் கைக்கு வந்த மாடல்களைத்தான் பார்க்க முடியும். இந்தியாவில் விலை குறைவாக விற்கும் மாடல்கள் பல அவர்கள் மேசைக்கு வருவதே இல்லை. அந்த மாடல்கள் நம் கூட்டங்களுக்குத்தான் வருகின்றன. இந்த வேலைக்கு நம்மைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம். திறமையை வைத்துச் சொல்லவில்லை.

அதுவரை அவசரத்துக்கு என்ன செய்வது என்று கேட்பவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். சிஸ்டம்டியில் சஸ்பெண்ட் தென் ஹைபர்னேட் இருக்கிறது. கொஞ்ச நேரம் தூங்கிவிட்டு, பிறகு ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். செக்யூர் பூட் போட்டிருந்தால் கெர்னலின் லாக்டவுன் ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்வாப் இடம் போதுமா என்றும் பாருங்கள். இது வலியைக் குறைக்கும் மாத்திரை. கொடுக்கும்போதே அந்த லேப்டாப்பின் எண்களையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு குழுவும் பொதுவில் ஓர் அட்டவணை தொடங்கட்டும். மாடல், சிப், பயாஸ் பதிப்பு, கெர்னல், ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு எத்தனை வாட்-மணி, வன்பொருள் தூங்கிய நேரம், கடைசிக் கட்டத்தில் புகார் அனுப்பினீர்களா இல்லையா. யார் கேள்வி கேட்டாலும் முதலில் அந்த அட்டவணையில் ஒரு வரி நிரப்பச் சொல்லுங்கள், பிறகு பதில் சொல்லலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ரைசன் 4000, 5000 வரிசை லேப்டாப் வைத்திருப்பவர்கள் சார்ஜரையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். பழைய பயாஸ் இருந்தால் புதுப்பிக்காமல் அப்படியே எடுத்து வாருங்கள். தூங்கவைத்துவிட்டுச் சார்ஜரைப் பிடுங்கினால் எத்தனை பேருடையது விழிக்கிறது, 2023க்கு முந்தைய கெர்னலிலும் பிந்தைய கெர்னலிலும் அது எப்படி மாறுகிறது என்று எல்லாருமாகச் சேர்ந்து பார்த்துவிடுவோம். பழைய கெர்னல்களைக் கம்பைல் செய்து பென் டிரைவில் நான் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காரும் உங்கள் நண்பன்